யார் இந்த ஹோமி பாபா? கல்பாக்கத்தில் இன்னும் முடியாத மணல் கணக்கு!

மே மாத ராத்திரி. சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடுது. அந்தக் கரண்ட்டில் ஒரு துளி, தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கு 1954-லேயே திட்டம் போட்டவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

1909 அக்டோபர் 30-ல் மும்பையில், வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார். ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையில் இன்ஜினியராகணும் என்றுதான் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். பையனுக்கோ இயற்பியல் மேல் ஆசை. முதல் வகுப்பில் இன்ஜினியரிங் முடித்தால் பிடித்ததைப் படிக்கலாம் என்றார் அப்பா. முடித்துக் காட்டினார்.

1939-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்த நேரம், உலகப் போர் வெடித்தது. இங்கேயே தங்கி, பெங்களூருவில் சி.வி.ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1945-ல் டாடா அறக்கட்டளை உதவியோடு ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல் அணுசக்தி ஆணையத் தலைவர் பதவி.

சரி, அவர் போட்ட கணக்கு என்ன? இந்தியாவில் யுரேனியம் குறைவு. ஆனால் கேரளக் கடற்கரையிலும் நம்ம மணவாளக்குறிச்சியிலும் மணலில் தோரியம் ஏராளம். சிக்கல் என்னன்னா, தோரியத்தை அப்படியே எரிக்க முடியாது. அதனால் மூன்று கட்டம். முதலில் யுரேனிய உலை. அதில் மிஞ்சுவது புளூட்டோனியம். அதைப் போட்டால் ஈனுலை ஓடும், எரிப்பதைவிட அதிக எரிபொருளையும் தரும். கடைசியில் தோரியம், யுரேனியம்-233 ஆக மாறி எரியும். ஒரு அடுப்பின் சாம்பல் அடுத்த அடுப்புக்கு விறகு!

1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில் 'அப்சரா' உலை இயங்கியது. இதே தொழில்நுட்பத்தில் குண்டும் செய்யலாம். அமைதி பற்றிப் பேசினாலும் அந்தக் கதவை பாபா மூடவில்லை.

1966 ஜனவரி 24. வியன்னா கூட்டத்துக்காக பாபா ஏறிப் போன ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸின் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேரும் பலி. பாபாவுக்கு வயது 56. சதி என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் இன்னும் சுத்துது. ஆனால் அதை நிரூபிக்கும் ஆதாரம் வெளியாகவில்லை.

அவர் இல்லாமலே வேலை நகர்ந்தது, மெதுவாக. கல்பாக்கத்தில் 1985-ல் சோதனை ஈனுலை, 1996-ல் யுரேனியம்-233-ல் ஓடும் சின்ன உலை 'காமினி'. 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணியைத் தொடங்கவே 2024 மார்ச் ஆகிவிட்டது.

நாட்டின் மின்சாரத்தில் அணுசக்தியின் பங்கு இன்னும் சுமார் 3 சதவீதம்தான். பாதிக்கு மேல் நிலக்கரி.