சான்-வெனான்

அதேமார் ழான் குளோத் பாரே தெ சான்-வெனான் (ஆகஸ்ட் 23, 1797 – ஜனவரி 6, 1886) ஒரு பிரெஞ்சுப் பொறியியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். ஆறு, கால்வாய், முழுதும் நிரம்பாத குழாய் ஆகியவற்றில் திடீரென எழும் நீர்ப்பெருக்கு எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணிக்க உதவும் சமன்பாடுகள் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. பொறியியல் மாணவர்கள் பலர் இவரைச் செயின்ட் வெனன்ட் என்ற ஆங்கில ஒலிப்பில் அறிந்திருப்பர்.

வாழ்க்கை

1813-இல் பாரிசின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். மறு ஆண்டு எதிரிப் படைகள் பாரிசை நெருங்கியபோது மாணவர்களும் போருக்கு அழைக்கப்பட்டனர். நெப்போலியனுக்காகப் போரிடத் தம் மனச்சான்று இடம் தரவில்லை எனச் சான்-வெனான் மறுத்தார். படையை விட்டோடியவர் என்ற பழி சேர்ந்தது, படிப்பும் நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் அரசின் வெடிமருந்துத் துறையில் பணியாற்றினார்.

1823-இல் பாலங்கள், சாலைகளுக்கான பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. உடன் பயின்றோர் பழையதை மறக்கவில்லை. அவருடன் பேசவோ அருகில் அமரவோ மறுத்தனர். தனியே அமர்ந்து குறிப்பெடுத்த அவர் 1825-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். பின்னர் கால்வாய்ப் பணிகளில் ஈடுபட்டார். பாய்மங்களின் பிசுக்குமையை உள்ளடக்கிய இயக்கச் சமன்பாடுகளை 1843-இல், அதாவது ஸ்டோக்சுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, சரியாக வருவித்தார். ஆயினும் அவை நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்றே வழங்குகின்றன. 1868-இல் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினரானார்.

நீரோட்டச் சமன்பாடுகள்

ஆற்று வெள்ளத்தையும், ஆற்று முகத்தில் ஏறும் கடல் ஓதத்தையும் பற்றிய கட்டுரையை 1871-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில் வெளியிட்டார். அதில் இரண்டு சமன்பாடுகளே உள்ளன. ஒன்று, நீரின் அளவு மாறாது என்பது. மற்றொன்று, படுகையின் சாய்வு, நீர்மட்டத்தின் சாய்வு, உராய்வு ஆகியவை ஓட்டத்தின் வேகத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பது.

இவற்றின்படி, 2.5 மீட்டர் ஆழமுள்ள நிலைநீரில் சிற்றலை ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் செல்லும். ஆழம் கூடினால் வேகமும் கூடும். எனவே பெருக்கின் உயர்ந்த பின்பகுதி தாழ்ந்த முன்பகுதியை எட்டிப் பிடிக்கிறது. நீர் சுவர் போல் நிமிர்கிறது. மதகைச் சட்டெனத் திறந்தால் கால்வாயில் இதைக் காணலாம்.

குழாய்களில்

மழைநீர் வடிகால்களைக் கணிக்கும் மென்பொருள்கள் இச்சமன்பாடுகளைச் சிறு சிறு காலப்படிகளில் தீர்க்கின்றன. குழாய் முழுதும் நிரம்பிவிட்டால் சிக்கல் எழுகிறது: திறந்த நீர்மட்டம் மறைந்துவிடுவதால் சமன்பாடுகள் பொருந்துவதில்லை. இதற்குப் பிரைஸ்மன் என்ற பொறியியலாளரின் உத்தி கைகொடுக்கிறது. குழாயின் உச்சியில் மிகக் குறுகிய பிளவு ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அப்பிளவில் நீர் ஏறி நிற்கும் உயரமே குழாயினுள் உள்ள அழுத்தத்தைக் குறிக்கும்.