நெகட்டிவ் அழிந்தும் நிலைத்த லயனல் வென்ட்

கொழும்பில் நாடகம் பார்ப்பவர்களுக்கு லயனல் வென்ட் என்றால் ஓர் அரங்கின் பெயர். அந்தப் பெயருக்குரியவர் இலங்கையின் ஒளிப்படக் கலைக்கு நவீன முகம் கொடுத்தவர் என்பது தமிழ் வாசகர்களிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1900 டிசம்பர் 3 அன்று கொழும்பில் பிறந்தார் வென்ட். தந்தை பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். தாய் சிங்களவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்து 1924இல் திரும்பியவர், சட்டத்தைக் கைவிட்டுப் பியானோவைப் பிடித்துக்கொண்டார். நிறைய வாசித்தார். அந்நாளில் சிலி நாட்டுத் தூதரகப் பணியில் கொழும்பில் இருந்த கவிஞர் பாப்லோ நெரூடாவுக்குப் புத்தகங்கள் கொடுத்துதவிய நண்பரும் அவர்தான்.

1930களின் தொடக்கத்தில் கமரா அவரை முழுதாக ஆட்கொண்டது. உழவர், மீனவர், கண்டிய நடனக்காரர், பழைய விகாரைகள் எல்லாம் அவர் படங்களில் வந்தன. உழைக்கும் ஆண்களின் உடலை அழகின் வடிவமாகக் காட்டத் துணிந்தார். இருட்டறையிலும் சோதனைகள் செய்தார். படத்தைக் கழுவும்போது இடையில் வெளிச்சம் பாய்ச்சி இருளையும் ஒளியையும் புரட்டிப்போடும் முறை அவற்றில் ஒன்று.

1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்துக்கு வென்ட் வழிகாட்டினார். அதில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. தேயிலை விளம்பரத்துக்கான பணத்தில் உருவான அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. 1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் உள்ளிட்ட ஓவியர்களுடன் ‘43 குழு’வை உருவாக்கினார். மறு ஆண்டு டிசம்பர் 19 அன்று, 44 வயதில், திடீரென இறந்துபோனார்.

அதன்பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. ஆனால் அவர் அச்சிட்ட பிரதிகள் பலரிடம் எஞ்சியிருந்தன. 1950இல் லண்டனில் அவரது படங்கள் நூலாக வந்தன. 1953இல் அவர் வாழ்ந்த இடத்தில் அரங்கு திறக்கப்பட்டது. 2000இல் நூற்றாண்டு நினைவு நூல் வெளியானது. 2017இல் அம்ஸ்ரர்டாமில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது.

சாவகச்சேரியிலிருந்து எழுதும் எனக்கு அந்த 2000ஆம் ஆண்டு உறுத்துகிறது. கொழும்பு ஒரு கலைஞனின் படங்களைத் தொகுத்த அதே ஆண்டில்தான் தென்மராட்சி யுத்தத்தில் சிதைந்தது. வீடுகளோடு அல்பங்களும் போயின, ஸ்ரூடியோக்களில் இருந்த நெகட்டிவ்களும் போயின. இன்று இங்கே ஒரு குடும்பத்திடம் பழைய கலியாணப் படம் இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் கனடாவுக்கோ லண்டனுக்கோ முன்னமே தபாலில் போய், பிறகு திரும்பி வந்த பிரதி.

வென்ட்டின் படங்கள் பிழைத்ததும் அப்படித்தான், பல கைகளில் இருந்ததால். அவருக்கு ஒரு நினைவு நிதியமும் அரங்கும் இருக்கின்றன. நம் ஊர்ப் படப்பிடிப்பாளர்களுக்கு, வெளிநாட்டு அலுமாரிகளில் கிடக்கும் அந்தப் பிரதிகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றின் பின்பக்கத்தில் எடுத்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, ஓரிடத்தில் சேர்க்கும் வேலையை நாம் இன்னும் தொடங்கவேயில்லை. பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.