பள்ளியைத் துறந்தும் படிப்பைத் துறவாதவர்

கதை படிக்கும் பழக்கமுள்ள தமிழ் இல்லங்களில் வந்தியத்தேவனையும் குந்தவையையும் அறியாதார் மிகச் சிலரே. அவர்களை நம் மனக்கண்முன் நடமாட விட்டவர் அமரர் கல்கி. அன்னாரது வாழ்க்கையைச் சற்று நோக்குவோம்.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ஆம் நாள் ரா. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு எழுந்தது. 1921-இல், இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், பள்ளியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே சிறை புகுந்தார்.

தேர்வை விட்டவரையா நமக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது என நம் பெற்றோர் கேட்கலாம். அவர் துறந்தது பள்ளியை மட்டுமே; படிப்பையன்று. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் எழுத்துப்பணி பயின்றார். ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராகப் புகழ்பெற்றார். 1941-இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கி, ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ எனும் வரலாற்றுப் புதினங்களை வாரந்தோறும் படைத்தார்.

இவற்றுக்காக அவர் பட்ட உழைப்பு பெரிது. கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆராய்ந்தார். ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கும் சென்று வந்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் சொத்துகள் பறிமுதலானதை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. அச்சில வரிகளே ‘பொன்னியின் செல்வ’னுக்குக் கருவாயின. ஆயினும் கொலையாளி இவரே என அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. வரலாற்றின் ஐயத்தை ஐயமாகவே விட்டது அவரது நேர்மை.

நம் மாவட்டத்துக்கும் அவர் கடமை செய்துள்ளார். எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவு மண்டபம் எழுப்ப மக்களிடம் நிதி திரட்டினார். 1947-இல் அம்மண்டபம் திறக்கப்பட்டது.

1954 டிசம்பர் 5-இல், தம் 55-ஆம் வயதில், கல்கி மறைந்தார். ‘அலை ஓசை’ நாவலுக்கு 1956-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது அதனைப் பெற அவர் இல்லை. பாதியில் நின்ற ‘அமர தாரா’வை எழுதி முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி. தந்தையின் பணியை மகள் தொடர்ந்தது நமக்குப் பெருமையன்றோ!

முத்துக் குளித்த கொற்கையும், மார்க்கோ போலோ புகழ்ந்த காயலும் நம் அருகிலேயே உள்ளன. தோழியரே, அவற்றின் கதையைத் தேடிப் படிப்போம். நாளை நம்முள் ஒருத்தி அதனை எழுதக்கூடும்.