ஸர் ஆர்தர் காட்டன் துரையின் சரிதம்

நீர் வளமின்றி நில வளமில்லை. நில வளமின்றிக் குடிவளமில்லை. காவிரி நீருண்டு வளர்ந்த தஞ்சை நாட்டினராகிய நாம், அந்நீர் நமக்கு நிலைபெறும்படி உழைத்த பெரியார் ஒருவரது வரலாற்றை அறிந்திருத்தல் கடனாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

காட்டன் துரை 1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். 1821-இல் கும்பினியாரின் எஞ்சினீயராகச் சென்னை இராஜதானிக்கு வந்தார். 1828-இல் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அக்காலத்தில் நம் நாடு பேரபாயத்தில் இருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்ந்தும் சரிந்தும் செல்வதால் நீரைத் தன்பால் ஈர்த்துக் கொண்டது. தென்கிளையாகிய காவிரியோ மணலேறி மேடிட்டது. அங்ஙனமே விட்டிருந்தால், தஞ்சை வயல்கள் வறண்டு, கொள்ளிடத்து நீர் வீணே கடலில் விழுந்திருக்கும்.

கொள்ளிடத்தின் தலைப்பில் அணை கோலுதலே பரிகாரமென்று துரை துணிந்தார். ஆயின் ஆழத் தோண்டினும் பாறை தென்படாத மணலில் அணை நிற்பதெங்ஙனம்? அவ்வினாவிற்குக் கல்லணை விடை பகர்ந்தது. கரிகாலன் பெயரோடு வழங்கும் அப்பழைய அணையின் அடியை ஆராய்ந்தபோது, மணலில் கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி நிலைபெறச் செய்த நுட்பத்தை அவர் கண்டார். அவ்வித்தையை இந்நாட்டு முன்னோரிடமே கற்றதாக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பழைய அணைகளைச் செப்பனிடவும் அறியாதவரென்று குடிகள் கும்பினியாரை இகழ்ந்ததையும் அவர் மறைத்திலர்.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணையால் கொள்ளிடத்தில் நீர் குறையவே, அதனை நம்பியிருந்த கீழ்ப்பகுதிக் குடிகள் வருந்தாதபடி கீழணை அமைக்கப்பட்டது. எனினும் காரியம் முழுதும் குறைவற்றதன்று. மேலணை எழுந்தபின் காவிரியில் நீர் மிகுந்து அதன் படுகை அறுபடலாயிற்று. ஆதலின் சில ஆண்டுகளில் காவிரித் தலைப்பிலும் தடுப்பு அமைத்து, இரு கிளைகளையும் ஒப்பப் பகிர நேர்ந்தது.

கீழணையினின்று வடவாறு வழியே நீர் பெறுவது சோழர் காலத்து வீராணம் ஏரி. 2004 முதல் அவ்வேரி நீர் குழாய் வழியே சென்னை மாநகர்க்குக் குடிநீராகச் செல்கின்றது. உழவர் பொருட்டு வகுத்த அணை, நெடுந்தொலைவிலுள்ள நகரத்தார் தாகத்தையும் தணிப்பது வியப்பன்றோ!

காவிரியில் கற்றதைக் கொண்டே துரை 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையை நிருமித்தார். இருப்புப்பாதையினும் நீர்ப்பாசனமே பஞ்சத்தைத் தடுக்குமென்று இறுதிவரை வாதாடினார். 1861-இல் ஸர் பட்டம் பெற்று, 1899-இல் காலமானார்.

அணை கோலுவது ஒருமுறை, காப்பது எந்நாளும். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது இடிந்தமை இதற்குச் சான்று. முன்னோர் வித்தையை இகழாது கற்றலும், பெற்ற பொருளைப் பழுதறப் பேணுதலும் இச்சரிதத்தால் நாம் அறியற்பாலன. நம் சிறார்க்கு இவற்றைக் கற்பிப்போமாக.