கோரி வட்டத்தின் பாதிச் சொந்தக்காரி

மருத்துவபீடத்தில் முதல் வருடம் உயிர் இரசாயனவியல் படிக்கும்போது, நொதியங்களின் பெயர்களை மனனமிட்டே இரவுகள் கழிந்துவிடும். அவற்றுக்கு நடுவில் 'கோரி வட்டம்' வரும். நாம் வேகமாக ஓடும்போது தசையில் குளுக்கோசு உடைந்து இலத்திக் அமிலமாகிறது. அது இரத்தத்தோடு ஈரலுக்குச் சென்று, மீண்டும் குளுக்கோசாகித் தசைக்கே திரும்புகிறது. கோரி என்பது ஒருவரல்லர், கணவனும் மனைவியும். மனைவியைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

கேர்ட்டி 1896 இல் பிராக் நகரில் பிறந்தார். வைத்தியராக வேண்டுமென்று 16 வயதில் தீர்மானித்தபோது, அவர் படித்த பெண்கள் பாடசாலையின் படிப்பு அதற்குப் போதவில்லை. லத்தீன், கணிதம், பௌதிகம், இரசாயனம் எல்லாம் குறைவு. குழந்தை வைத்தியப் பேராசிரியரான மாமா ஊக்கம் கொடுத்தார். பல வருடப் பாடங்களைக் குறுகிய காலத்தில் முடித்து, 1914 இல் மருத்துவபீடத்தில் நுழைந்தார். உயர்தரத்துக்கு மறுபடியும் தோற்றவிருக்கும் தங்கைமார் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

அங்கே சக மாணவரான கார்லைச் சந்தித்தார். 1920 இல் இருவரும் பட்டம் பெற்று மணமுடித்தனர். வியன்னாவின் சிறுவர் வைத்தியசாலையில் வேலை கிடைத்தது. யுத்தத்துக்குப் பின்னான பஞ்சம். சத்தான உணவின்றி கேர்ட்டியின் கண்கள் வறண்டு நோயுற்றன. 1922 இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்றனர்.

கணவனோடு சேர்ந்து ஆராய்ந்தால் வேலை போகும் என்று அங்கே மேலதிகாரி எச்சரித்தார். இருவரும் விடவில்லை. கோரி வட்டம் 1929 இல் முழுமையாக வெளிவந்தது. கார்லுக்கு வேலை தர முன்வந்த ஒரு பல்கலைக்கழகமோ, மனைவி கணவனின் முன்னேற்றத்துக்குத் தடை என்று கேர்ட்டியிடமே சொன்னது. 1931 இல் சென் லூயிஸ் நகரில் இருவருக்கும் இடம் கிடைத்தது: அவருக்குப் பேராசிரியர் பதவி, இவருக்குப் பெயரளவிலான சம்பளத்தில் ஆராய்ச்சி உதவி. ஒரே ஆய்வுகூடம், ஒரே வேலை! வாசிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பதவியில் இருந்தபடியே, கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்தைக் கணவரோடு கண்டுபிடித்தார். கலத்துக்குள் மட்டுமே நடப்பதாக நினைக்கப்பட்ட கிளைக்கோசன் தொகுப்பைச் சோதனைக் குழாயிலும் நடத்திக் காட்டினார்கள். 1947 இல் அவர் பேராசிரியரானார். அதே ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு. மருத்துவத்துக்கான நோபலைப் பெற்ற முதல் பெண் அவரே. எலும்பு மச்சையைத் தாக்கும் தீராத நோய் தெரியவந்ததும் அதே ஆண்டில்தான்.

அதன்பின் பத்து வருடம், இரத்தம் ஏற்றிக்கொண்டு, அறையில் ஒரு சிறு கட்டிலைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். இந்தக் காலத்து ஆராய்ச்சியே எனக்கு மிகவும் பிடித்தது. சில குழந்தைகளுக்கு ஈரல் வீங்கி, இரத்தத்தில் சீனி குறைந்து போகும். கிளைக்கோசன் ஈரலில் குவிந்தும் குளுக்கோசாக வெளிவராமை காரணம். அந்த ஈரல்களில் ஒரு நொதியம் இல்லை என்று 1952 இல் கணவரோடு காட்டினார். ஒரு பரம்பரை நோய்க்கு நொதியக் குறைபாடே காரணம் என்று நிரூபிக்கப்பட்ட ஆரம்ப உதாரணங்களில் ஒன்று அது. வியன்னாவில் குழந்தைகளைப் பார்த்த அந்த இளம் வைத்தியர், முப்பது வருடங்களுக்குப் பிறகு ஆய்வுகூடத்தின் வழியாகக் குழந்தைகளிடமே வந்து சேர்ந்தார்.

1957 ஒக்டோபரில் காலமானார்.