இரண்டாம் தூதனைக் கண்டவர்

அமெரிக்க தேசத்துக் கான்ஸாஸ் மாகாணத்தில் 1915-ஆம் ஆண்டில் பிறந்த ஏர்ல் ஸதர்லாந்து, வைத்தியம் பயின்று, இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவ வைத்தியராய்ப் பணிபுரிந்து திரும்பியபின், ஆராய்ச்சிசாலையையே தமது வாழ்வாகக் கொண்டார்.

அச்சம் மேலிடுகையில் இரத்தத்தில் பெருகும் அட்ரினலின், ஈரலிலுள்ள கிளைகோஜனைச் சர்க்கரையாக்குவது எவ்வாறு? இக்கேள்வியே அவரைப் பற்றிக்கொண்டது. கிளீவ்லாந்து நகரில், 1950-களில், ஈரலின் உயிரணுக்களை உடைத்துச் சோதித்தார். அட்ரினலின் அணுவின் புறச்சவ்விலேயே நின்றுவிடுகிறது. அங்கே தோன்றும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு பொருளே செய்தியை உள்ளே கொண்டுசெல்கிறது என்று கண்டார்.

வேறு பல ஹார்மோன்களுக்கும் அதுவே தூதன் என்று அவர் கூறியபோது அறிஞர் பலர் ஐயுற்றனர். ஒரே தூதன் பல எஜமானர்க்கு ஊழியஞ் செய்தால் கட்டளைகள் குழம்பாவோ? அந்த ஐயம் நியாயமானதே என்போம். ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. 1971-இல் வைத்தியத்துக்குரிய நோபெல் பரிசு அவரொருவருக்கே வழங்கப்பட்டது. 1974-இல் காலமானார்.

அவ்வையத்துக்குப் பின்வந்தோர் விடை கண்டனர். தூதன் சொல்லை ஏற்கும் புரதமும், அதன் ஏவலுக்குட்படும் புரதமும், தூதனையே அழிக்கும் புரதமும், நங்கூரம் போன்ற பிறிதொரு புரதத்தால் அணுவினுள் ஆங்காங்கே ஒருங்கு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆதலின் செய்தி உரிய இடத்தில் எழுந்து அங்கேயே அடங்குகிறது.

தூதன் ஒருவனே, ஏற்போர் தத்தம் இடத்தில் அணிவகுத்து நிற்பதாலேயே காரியம் குழம்பாது நடைபெறுகிறது. இவ்விடையைக் காண ஸதர்லாந்து இருந்தாரில்லை. விடை கிட்டாத ஆட்சேபத்துக்கு அஞ்சித் தாம் கண்ட உண்மையைக் கைவிடாமையையே அவரது பெருமையாக நாம் கருதுகிறோம்.