கப்பலோடு கரைந்த கனல்: வத்தலக்குண்டு தந்த சுப்பிரமணிய சிவா

திண்டுக்கல் சீமை வீரத்துக்கும் தமிழுக்கும் ஒருங்கே விளைநிலமானது. கொடைக்கானல் மலையடிவாரத்தை ஒட்டி விரியும் சமவெளியில் அமைந்த வத்தலக்குண்டு அதற்குச் சான்று. 'கமலாம்பாள் சரித்திரம்' படைத்த பி.ஆர். ராஜமையர், சிறுகதைச் செம்மல் பி.எஸ். ராமையா, 'எழுத்து' இதழ் நடத்திய சி.சு. செல்லப்பா ஆகியோரைத் தந்த அவ்வூரே, 1884 அக்டோபர் 4ஆம் நாள் சுப்பிரமணிய சிவாவையும் ஈன்றது.

கடலுக்கு வெகு தொலைவான அவ்வூரில் பிறந்தவரின் வாழ்வு ஒரு கப்பல் கம்பெனியின் கதையோடு பிணைந்தது விந்தையே. இளமையில் திருவனந்தபுரம் சென்ற சிவா அங்கே இளைஞரைத் திரட்டித் தேசபக்திச் சொற்பொழிவுகள் ஆற்றினார். சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. கால்நடையாகவே ஊர் ஊராகப் பேசிக்கொண்டு, 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

அங்கே வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசிக் கப்பல் கம்பெனி, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை இலக்காகக் கொண்டு, பங்கு ஒன்று 25 ரூபாய் என மக்களிடம் திரட்டிய பணத்தில் நடந்துகொண்டிருந்தது. 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அந்த ஆசை வார்த்தைக்கு மக்கள் மயங்காதிருக்கச் சொல்வன்மை தேவைப்பட்டது. சிவாவின் நாவே அந்தச் சொல்வன்மையாயிற்று.

மாலை தோறும் தூத்துக்குடிக் கடற்கரையில் அவர் பேசினார். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் அவரும் முன்னின்றனர். சில நாள்களில் ஆலை நிர்வாகம் பணிந்தது. அரசு பொறுக்குமா? மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

நீதிபதி பின்ஹே ஜூலை 7ஆம் நாள் அளித்த தீர்ப்பு இவ்விருவரின் நட்புக்குச் சட்டமே எழுதிய சாசனம் எனலாம். சிவாவுக்குப் பத்து ஆண்டுத் தீவாந்தரம். வ.உ.சி.க்கு இராஜ நிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்காக மற்றோர் ஆயுள் தண்டனை. நண்பனுக்கு இடமளித்ததே குற்றமாகி, அதற்கு நண்பனின் தண்டனையினும் பெரிய தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் தண்டனைகள் ஆறாண்டாகக் குறைந்தன.

தலைவர்கள் சிறையிலிருக்க, கம்பெனி தள்ளாடி, 1911இல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அட்லாண்டிக் கடலில் 'டைட்டானிக்' பனிப்பாறையில் மோதி மூழ்கியது. சுமார் 1,500 உயிர்கள் மாண்ட அச்செய்தி உலகை உலுக்கியபோதும் சிவா சிறையில்தான் இருந்தார். அந்தக் கப்பலை ஒரே இரவில் இயற்கை வீழ்த்தியது. தூத்துக்குடிக் கப்பல்களின் முயற்சியை அதிகாரம் ஆண்டுக்கணக்கில் அரித்து வீழ்த்தியது. முன்னது விபத்து, பின்னது திட்டம்.

1912இல் சிவா விடுதலையானார். ஆயினும் சிறையில் பற்றிய தொழுநோய் அவரை விடவில்லை. தொற்றுநோயாளர் எனக் காரணம் காட்டிப் பின்னாளில் இரயில் பயணமும் மறுக்கப்பட்டது. புண்பட்ட கால்களோடு தமிழ்நாடெங்கும் நடந்தார். 1913இல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். பாரதியின் எழுத்துகள் அதில் வெளிவந்தன. பிறமொழி கலவாத தனித்தமிழில் எழுதுவோருக்கு ஐந்து ரூபாய் பரிசு என 1915இல் அறிவித்ததும் அவ்விதழே. பின்னர் 'பிரபஞ்சமித்திரன்' நடத்தினார். நூல்களும் நாடகங்களும் இயற்றினார். 1921இல் மீண்டும் சிறை கண்டார். தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்துப் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப எண்ணினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழக் காணாமலே 1925 ஜூலை 23ஆம் நாள், நாற்பதாம் வயதில், சிவா அங்கேயே மறைந்தார்.

டைட்டானிக் மூழ்கி ஒரு மாதத்துக்குள் அதைப் பற்றிய திரைப்படம் வெளிவந்துவிட்டது. 1958இலும் 1997இலும் அது மீண்டும் மீண்டும் திரையில் மூழ்கியது. தூத்துக்குடிக் கப்பலோ திரைக்கு வர அரை நூற்றாண்டு காத்திருந்தது. ம.பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி பி.ஆர். பந்துலு 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை எடுத்தார். சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவும், எஸ்.வி. சுப்பையா பாரதியாகவும், டி.கே. சண்முகம் சிவாவாகவும் வாழ்ந்து காட்டினர். பட்டறிவு மிக்க நாடகக் கலைஞரான சண்முகம், சிவாவின் கனல் பேச்சையும் நோயுற்ற மேனியையும் ஒருசேரத் தாங்கினார். படம் முதலில் வசூலில் தோற்றது. பின்னர் தலைமுறைகளின் நெஞ்சில் வென்றது.

எனினும் திரை காட்டிய சிவா ஒரு பாதியே. தோழனுக்குத் தோள் கொடுத்த வீரரை மக்கள் கண்டனர். இதழாசிரியரை, நாடகாசிரியரை, தமிழ்நடைக்குப் பரிசு அறிவித்தவரை அவர்கள் காணவில்லை. கடலில் போன கப்பலைத் திரைப்படம் மீட்டுத் தந்தது. ஏட்டில் போன சிவாவை மீட்டுத் தருவது எழுத்தாளரின் கடன். ஒரு கவிஞர் 'ஞானபாநு'வின் ஓர் இதழைத் தேடிப் படித்தாலும் அக்கடனில் ஒரு பங்கு தீரும். சிவா பிறந்த மண்ணில் தமிழ் வளர்ப்போர்க்கு அக்கடன் இரட்டிப்பாகும்.